முதல் வரியில் மஞ்சள்

மே 9

இந்த டைரி உரக்கடைக்காரர் எப்போதோ கொடுத்தது. தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் தப்பு. கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் கையெழுத்து அந்தக் காலத்திலேயே வாத்தியார் தூக்கிக் காட்டிய கையெழுத்து.

நேற்று என் பேத்தி மிருதுளாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. முதல் மார்க் எடுத்தவன் டாக்டர் வீட்டுப் பையன், அவனைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நாளைக்கு மிருது பெரிய ஆளாகி, பேட்டி எடுக்க வருகிறவர்கள் "பாட்டி, அப்போது என்ன நடந்தது" என்று கேட்டால் நான் உளறக்கூடாது பாருங்கள். அதற்காகத்தான் இந்த டைரி.

வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். என் பெயர் பாவாயி. ஊர் திருச்செங்கோடு. மகன் செங்கோட்டுவேலுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் வேலை, வருஷத்தில் பாதி சத்தீஸ்கர் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். மருமகள் சாந்தாமணி தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கிறாள். மிருதுளா எங்களுக்கு ஒரே பேத்தி.

பக்கத்து வீட்டு ருக்குமணிக்கு லட்டு கொடுத்தேன். அவள் மகள் வயிற்றுப் பேத்தி ஹர்ஷினியும் மிருதுவின் வகுப்புதான். மார்க் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். குறைவுதான்.

மே 12

இன்ஜினியரிங் என்று முடிவாகிவிட்டது. எந்த இன்ஜினியரிங் என்பதுதான் பாக்கி. இன்ஜினியரிங் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன், கொத்துமல்லிக் கட்டு மாதிரி கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்று. இது ஜவுளிக்கடை மாதிரி அல்லவா இருக்கிறது. விரித்துப் போட்டுக்கொண்டே போகிறார்கள்.

தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பால்காரர் எலக்ட்ரிக்கல் என்கிறார், அவர் வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது. ருக்குமணிக்குக் கம்ப்யூட்டரை விட்டால் வேறெதுவும் படிப்பே இல்லை. அவளுடைய மகன் வயிற்றுப் பேரன் போன வருஷம் கம்ப்யூட்டரில் சேர்ந்தான். சேர்ந்த நாளிலிருந்து யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"ஏனுங்க்கா, உங்க புள்ளைக்கும் கம்ப்யூட்டரே போடச் சொல்லுங்க. எங்க பையன் லேப்டாப்பு இல்லாம சோறே திங்கறதில்ல" என்றாள்.

"எங்க புள்ள சோத்த வெச்சாலே தின்னுக்கும்" என்றேன்.

மே 13

மகன் போன் செய்தான். பின்னால் வண்டி ஓடுகிற சத்தம். என்ன படிப்பு எடுக்கலாம் என்று மூன்று தடவை கத்தினேன்.

"எதோ ஒண்ணு எடுக்கட்டும்மா. சத்தமில்லாத படிப்பா இருந்தாப் போதும்" என்று அவனும் கத்தினான்.

மே 17

எல்லோரும் சொன்னார்களே தவிர மிருதுவை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், முழங்காலுக்குத் தைலம் தேய்க்க உட்கார்ந்தபோது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் அம்மாவின் போனை எடுத்து வந்தாள்.

"இது என்ன சொல்லுங்க அப்பத்தா."

நாலு சதுரம், ஒரு கறுப்பு வட்டம், கொஞ்சம் பச்சை. தெரியவில்லை என்றேன்.

"நம்ம வீடு. மேல இருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும். இந்தக் கறுப்பு நம்ம தண்ணித் தொட்டி. இது வேப்பமரம்."

பக்கத்துச் சதுரம் ருக்குமணியின் மொட்டை மாடி. நம்முடையதைவிடச் சின்னது. இத்தனை வருஷமாகப் பெரிதென்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வானத்தில் சுற்றுகிற எதுவோ எடுத்த படமாம். இப்படி மேலிருந்து பார்த்து, எங்கே பாறை, எங்கே ஈரம், எந்த ஏரி சுருங்குகிறது என்றெல்லாம் கண்டுபிடிக்க ஒரு படிப்பு இருக்கிறதாம். ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ். டைரியில் அவளையே எழுதச் சொன்னேன், அவள் கையெழுத்துதான் அது.

"அப்பா ஒரு தோட்டத்துல போர் போட்டாராம். எத்தன அடி போயும் தண்ணி வராம மண்ணு புகையாத்தான் வந்துச்சாம். அந்தத் தோட்டக்காரர் வண்டிச் சக்கரத்தப் புடிச்சுட்டு அழுதாராம். அப்பா அன்னிக்குச் சாப்படவே இல்ல. துளைக்கறதுக்கு முன்னாடியே கொஞ்சமாச்சும் தெரிஞ்சா நல்லா இருக்குமில்லீங்களா?"

"தெரியுமா?"

"எல்லாம் தெரியாது அப்பத்தா. கொஞ்சம் தெரியும்."

இப்படிப் பேசி நான் அவளைப் பார்த்ததில்லை. காதோரம் எல்லாம் சிவந்துவிட்டது. நல்ல படிப்பாகத்தான் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"என் மார்க்குக்குச் சென்னைல, பழைய கவர்மென்ட் காலேஜ்ல கிடைக்கும்."

மே 18

முழங்கால் வலி அதிகம். இரண்டு முறை தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

மே 25

வலி அப்படியே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கவும் முடியவில்லை, மிருதுதான் கோத்துக் கொடுத்தாள். மருமகளின் தையல் கடையில் ஊசியில் நூல் கோக்க ஆளே இல்லையா என்று யாரும் கேட்க வேண்டாம். அது மிஷின் ஊசி, இது கை ஊசி.

ஜூன் 2

கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் லோகநாதன் வைத்திருக்கும் பிரௌசிங் சென்டரில். போன் நம்பர் கேட்டான். செங்கோட்டுவேலின் போன் பாதி நாள் சிக்னலே இல்லாத காட்டில் கிடக்கிறது. சாந்தாமணி போனுக்கு ஜாக்கெட் அளவு சொல்லி நாள் முழுக்க யாராவது கூப்பிடுவார்கள். மிருதுவுக்குப் போன் இல்லை. கடைசியில் என் பட்டன் போன் நம்பரைக் கொடுத்தார்கள், அதுதான் எப்போதும் மாறாத நம்பர்.

ஆக, சர்க்கார் இனிமேல் என்ன சொல்வதாக இருந்தாலும் என்னிடம்தான் சொல்ல வேண்டும். இதை ருக்குமணியிடம் சொன்னேன்.

ஜூன் 11

காலையில் வெண்டைக்காய் வாங்கப் போனவள் தெரு முனையில் கொஞ்சம் நின்றேன். வேங்கையம்மன் காலேஜ் பஸ் வந்தது. மஞ்சள் பஸ். நம் தெரு முனையிலேயே நிற்கிறது, இத்தனை நாள் நான் கவனித்ததில்லை. டிரைவர் நல்ல பிள்ளை. சாயங்காலம் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவீர்கள் என்று கேட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வீட்டில் விட்டுவிடுவார்களாம். என்னென்ன படிப்பு இருக்கிறது என்று கேட்டதற்கு, அவருக்குத் தெரிந்தது டெக்ஸ்டைல் என்றார். அவர் அக்கா மகள் அதில் படிக்கிறாளாம்.

வெண்டைக்காய் முற்றல். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 12

யோசித்துப் பார்த்தால் டெக்ஸ்டைல் அருமையான படிப்பு. மனுஷர் இருக்கிற வரைக்கும் துணி கட்டுவார்கள். இதைப் பேச்சுவாக்கில் மருமகளிடம் சொன்னேன்.

"டெக்ஸ்டைல் எந்தக் காலேஜ்ல இருக்குதுங்கத்தே?" என்று கேட்டாள்.

"எங்கயோ இருக்கும். எனக்கென்ன தெரியும்."

"வேங்கையம்மன்லயா?"

"இருந்தாலும் இருக்கும்."

அவள் வாயில் குண்டூசியைக் கவ்வியிருந்தாள். அதனால் சிரித்தாளா இல்லையா என்று சொல்ல முடியாது.

ஜூன் 28

ரேங்க் வந்துவிட்டது. நல்ல ரேங்க். முதல் சுற்றிலேயே கூப்பிட்டுவிடுவார்களாம். லோகநாதன் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தான்.

இனிமேல் என்ன நடக்கும் என்று கேட்டேன். நமக்கு வேண்டிய காலேஜ், வேண்டிய படிப்பு எல்லாவற்றையும் வரிசையாகக் கம்ப்யூட்டரில் எழுத வேண்டுமாம். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாமாம்.

"எழுதினா எது கிடைக்கும்?"

"அது மேல இருந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வருங்காத்தா. எது காலியா இருக்குதோ அங்கயே நின்னுக்கும்."

"அப்ப மொத வரில இருக்கறது காலியா இருந்தா?"

"அதேதான் கிடைக்கும். கீழ இருக்கறதத் திரும்பிக்கூடப் பாக்காது."

நல்ல மிஷின். வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன், பிஞ்சாகக் கிடைத்தது. புளிக்குழம்பு.

ஜூலை 5

ருக்குமணி வந்து, ஹர்ஷினிக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தால் சனிக்கிழமை மலைக்கு ஏறி வருவதாக வேண்டிக்கொண்டேன் என்றாள். எந்தப் படிப்புக்கு எந்தச் சாமி என்று இவளே பிரித்துக் கொடுப்பாள் போலிருக்கிறது. "உங்க புள்ளைக்கு என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"அவளுக்கு எது நல்லதோ அது" என்றேன்.

"எது நல்லது?"

அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 14

இன்றுதான் வரிசை எழுதுகிற நாள் ஆரம்பம். நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் முடித்துப் பூட்டிவிட வேண்டும். மிருது ஒரு வெள்ளைத்தாளில் வரிசையை எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். முதலில் சென்னை, வானத்துப் படிப்பு. அப்புறம் கோயம்புத்தூர், அப்புறம் சேலம் என்று இறங்கி இறங்கிப் போயிற்று. வேங்கையம்மன் எங்கேயும் இல்லை.

"இதுல மஞ்சளே காணமே" என்றேன்.

இதைப் பேட்டிக்கு வருகிறவர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். மளிகைச் சீட்டாக இருந்தாலும் சரி, கல்யாணச் சீட்டாக இருந்தாலும் சரி, எங்கள் வீட்டில் முதல் வரியில் மஞ்சள் என்று எழுதாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டோம். வீட்டில் ஒரு டப்பா மஞ்சள் இருந்தாலும் எழுதுவோம். அது வாங்குவதற்கு அல்ல, மங்கலத்துக்கு. இவ்வளவு பெரிய காரியத்துக்குச் சீட்டு எழுதிவிட்டு மொட்டையாக ஆரம்பித்தால் எப்படி?

"காலேஜ் லிஸ்ட்ல மஞ்சள எங்கீங்கத்தே எழுதறது?" என்றாள் சாந்தாமணி.

"மஞ்சள்னே எழுதணும்னு இல்ல. மங்கலமா, அம்மன் பேர்ல எதாச்சும் இருந்தா மொதல்ல எழுதட்டும். சாமி பேரு. சும்மா சாஸ்திரத்துக்குத்தான்."

"அம்மன் பேர்ல" என்று மருமகள் இழுத்தாள்.

"வேங்கையம்மன் இருக்குதல்ல. அதுல எதாச்சும் ஒண்ணு, டெக்ஸ்டைலோ என்னமோ. நானா படிக்கப் போறேன்?"

சாந்தாமணி மிருதுவைப் பார்த்தாள். மிருது என்னைப் பார்த்தாள். நான் முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்தேன். கல் இல்லாத உளுந்துதான், இருந்தாலும் பார்த்தேன்.

"சரிங் அப்பத்தா" என்று சொல்லிவிட்டு மிருது மேலே ஒரு வரி எழுதினாள். பிள்ளையார் சுழிக்கும் சென்னைக்கும் நடுவில் இடம் போதவில்லை, நெருக்கி எழுதினாள். சாயங்காலம் லோகநாதன் கடையில் அப்படியே ஏற்றியாயிற்று. பூட்டுவது மட்டும் கடைசி நாளில் செய்துகொள்ளலாம் என்றான் அவன்.

எவ்வளவு அடக்கமான பிள்ளை. படித்த திமிர் கொஞ்சமும் இல்லை. பெரியவர்கள் சொன்னால் அப்படியே கேட்டுக்கொள்கிறது.

ராத்திரிக்குத் தோசை. மிருது இரண்டோடு எழுந்துவிட்டாள்.

ஜூலை 15

காலையில் ஹர்ஷினி வந்தாள், வரிசை எப்படிப் போடுவது என்று மிருதுவைக் கேட்க. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சமையல்கட்டில் காபி கலந்துகொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. நம் வீட்டுச் சுவர் அப்படி.

"ஏன்டி, மொத ரெண்டு மூணு எடத்துல சும்மா எதயாச்சும் போட்டுட்டு, அப்பறம் வேணுங்கறதப் போடலாமா? எங்க அம்முச்சி அப்படித்தான் சொல்லுது" என்றாள் ஹர்ஷினி. அம்முச்சி என்றது ருக்குமணியை.

"அய்யோ, லூசு, அந்த வேலையே வெச்சுக்காத" என்று மிருது சொன்னாள். "மேல இருக்கறது காலியா இருந்தா அதக் குடுத்துரும். கீழ எது இருக்குதுன்னு பாக்கவே பாக்காது. உனக்கு எது ரொம்ப வேணுமோ அதத்தான் மொத வரில வெக்கணும். இது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானே."

காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கின்றன. மருமகளிடம் மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும்.

பாவம் ஹர்ஷினி, குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

ஜூலை 15, சாயங்காலம்

இன்றைக்கு இரண்டாவது தடவை எழுதுகிறேன். வேறு வேலை இல்லை.

மிருதுவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் எதற்கு மேலே எழுதினாள்?

மருமகள் கடையை மூடிவிட்டு வந்ததும் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவள் துப்பட்டாவுக்கு ஓரம் அடித்துக்கொண்டே சொன்னாள்:

"நானும் நேத்துக் கேட்டேனுங்கத்தே. எதுக்குடி எழுதினேன்னு. அப்பத்தா ஆசப்பட்டுச்சு, இருக்கட்டும்மாங்கறா. நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க, நான் நடுவுல வரல."

"நான் என்ன ஆசப்பட்டேன்? சாஸ்திரம் சொன்னேன்."

"ஆமாங்கத்தே. சாஸ்திரம்தான்."

இவளுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது என்று தெரியவில்லை. முழங்காலுக்கு இன்றைக்குத் தைலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிருது கேட்காமல் தேய்த்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 16

நிதானமாக எழுத வேண்டும். இன்றைக்கு நடந்ததுதான் முக்கியம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் மிருதுவும் லோகநாதன் கடைக்குப் போனோம். கடைசி நாள், நல்ல கூட்டம். பிள்ளைகளைவிட அப்பன்மார்கள் அதிகம், ஒவ்வொருவர் முகமும் பத்திரம் பதிய வந்தவர் முகம் மாதிரி இருந்தது. நம் முறை வந்தது. லோகநாதன் எதையோ அமுக்கினான். என் இடுப்பில் இருந்த போன் கிணுகிணுத்தது.

"ஆத்தா, ஓடிபி வந்துருக்கும். அந்த நெம்பரச் சொல்லுங்க, பூட்டிரலாம்."

போனை எடுத்துப் பார்த்தேன். வந்திருந்தது.

"வந்துருக்குது" என்றேன்.

"சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். லோகநாதன் கை விசைப்பலகைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அப்பத்தா, கொஞ்ச நேரந்தான் இருக்கும் அந்த நெம்பர்" என்றாள் மிருது.

"இருக்கட்டும். மொத வரில என்ன இருக்குது?"

"நீங்க சொன்னதுதான். வேங்கையம்மன், டெக்ஸ்டைல்."

"எதுக்கு வெச்ச?"

"மஞ்சள்னு சொன்னீங்கல்ல."

"நான் அஞ்சாங் கிளாசு, சொன்னேன். நீ எத்தனாங் கிளாசு?"

மிருது துப்பட்டா நுனியைச் சுற்றினாள், பிரித்தாள். சின்ன வயதில் பல் ஆடும்போது இப்படித்தான், கேட்டால் சொல்லமாட்டாள், நாக்கால் தள்ளிக்கொண்டே இருப்பாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கும் பயமா இருக்குதுங் அப்பத்தா. அங்க யாரையும் தெரியாது. எல்லாரும் என்னவிட நல்லாப் படிச்சவங்களா இருப்பாங்க. நீங்க சொன்னதுக்காக எழுதினேன்னு வெச்சுக்கிட்டா, இதே கிடைச்சாலும் நானாப் பயந்துக்கிட்டேன்னு ஆகாதில்லீங்களா?"

"அப்ப எம்மேல பழியப் போட்டுட்டு மஞ்சப் பஸ்ல போயிரலாம்னு பாத்த."

"நீங்களுந்தான் சாமி மேல பழியப் போட்டீங்க."

லோகநாதன் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான். முதல் வரியைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது போல. எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. மின்விசிறிக் காற்றில் காது அடைத்திருந்தது.

பின்னால் ஒருவர், "ஏனுங், சீக்கிரம் ஆகட்டுங், எங்க பையனுக்கு இன்னும் எழுதவே இல்ல" என்றார்.

"உங்க பையன் இந்நேரம் எழுதியிருக்கோணும்" என்றேன். பிறகு மிருதுவிடம் சொன்னேன்:

"இங்க பாரு கண்ணு. எதாச்சும் பூசைன்னா மொதல்ல என்ன செய்வோம்? மஞ்சளப் பெசஞ்சு புள்ளையாரு புடிச்சு வெப்போம்."

"ஆமாங்."

"காரியம் நடந்து முடியறப்ப அந்தப் புள்ளையார என்ன செய்வோம்?"

அவள் யோசித்தாள். லோகநாதன்தான் மெதுவாகச் சொன்னான்: "நகத்தி வெப்போங்க."

"அவ்வளவுதான். கும்பிட்டமா, நகத்தி வெச்சமா, எடத்த விட்டமான்னு இருக்கோணும். புள்ளையாரு அங்கயே ஒக்காந்துட்டு நான் எந்திரிக்கமாட்டேன்னு சொல்றதில்ல. ரெண்டு நாளா மேல இருந்தாச்சு, சாமி பாத்தாச்சு. நகத்து."

மிருது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருந்தா பயந்துட்டே போ. உங்கப்பன் மொத மொத வண்டிக்குப் போனப்ப மூணு நாளைக்கு அழுதான். என்கிட்ட இருந்து போன புள்ளைக யாரும் அழுவாமப் போனதில்ல. ஆனாப் போயிருக்குதுக."

லோகநாதன் ஏதோ அமுக்கி முதல் வரியைக் கீழே இறக்கினான். சென்னை மேலே ஏறியது. "அப்ப இத எடுத்தே போட்றலாமுங்களா?" என்று கேட்டான்.

"எடுக்காதே. கடைசில இருக்கட்டும். தண்ணில கரைக்கறது எல்லாம் முடிஞ்சப்பறம்."

என்னிடம் இருந்த நெம்பர் அதற்குள் செத்துவிட்டதாம். மறுபடி அமுக்கினான், மறுபடி கிணுகிணுத்தது. ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தேன். கடையே அமைதியாகக் கேட்டது. எண்களை நான் எப்போதும் பிசகாமல் படிப்பேன், வாத்தியார் அதையும் பாராட்டியிருக்கிறார்.

திரும்பி வரும்போது மிருது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கால் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன், பிறகுதான் ஞாபகம் வந்தது. லேசாக வலிக்கிறது என்று திருத்திச் சொன்னேன்.

ஜூலை 17

ஒன்றும் வரவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான்.

ஜூலை 18

காலையில் பாலை அடுப்பில் வைத்த நேரத்தில் கிணுகிணுத்தது. இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு காலேஜுக்கும் ஓர் எண் இருக்கிறதென்று லோகநாதன் காட்டியிருந்தான். வேங்கையம்மனுக்கு நீளமான எண். சென்னைக்குக் குட்டி எண். நீளம் என்றால் பஸ், குட்டி என்றால் ரயில் என்று மனசில் வைத்திருந்தேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மிருதுவின் பேர் மாதிரி ஒன்று இருந்தது. பக்கத்தில் குட்டி எண்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு வாசலுக்குப் போய் முதலில் ருக்குமணியிடம் சொன்னேன். பிறகுதான் மிருதுவை எழுப்பினேன்.

"என்ன படிப்புங்க்கா அது, கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள் ருக்குமணி.

"மேல இருந்து பாக்கற படிப்பு. உங்க மாடி எத்தன பெருசுன்னுகூட அவ இருந்த எடத்துல இருந்தே சொல்லிப் போடுவா" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் மாறியது.

ஆகஸ்ட் 19

ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக வேண்டியதை மிருது ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியிருந்தாள். பக்கெட், பூட்டு, போர்வை, கொடிக்கயிறு எல்லாம் இருந்தது. முதல் வரியில் மஞ்சள்.

"அங்க போயி நீ என்ன கொழம்பா வெக்கப் போற?" என்று கேட்டேன்.

"சும்மா, சாஸ்திரத்துக்குங் அப்பத்தா."

ஒரு விரலி மஞ்சளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைத்தேன். ருக்குமணியின் ஹர்ஷினிக்கு வேங்கையம்மனில் கம்ப்யூட்டர் கிடைத்திருக்கிறது. அந்த டிரைவர் நல்ல பிள்ளை என்று சொல்லி வைத்தேன்.

ஆகஸ்ட் 21

ஈரோட்டில் ரயில் ஏற்றிவிட்டோம். செங்கோட்டுவேல் லீவில் வந்து அவளோடு போகிறான். ஜன்னல் வழியாகத் தைலப் புட்டியை நீட்டி, யார் தேய்ப்பார்கள் என்று கேட்டாள். முழங்கால் நன்றாகிவிட்டது, வேண்டாம் என்று சொன்னேன். எப்போது நன்றாயிற்று என்று கேட்டாள். ரயில் கிளம்பிவிட்டது, அதனால் சொல்ல முடியவில்லை.

அவள் அழுதாள். நான் அழவில்லை, சாந்தாமணி சாட்சி. அவள் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகஸ்ட் 22

வீட்டில் சத்தமே இல்லை. மகன் கேட்ட மாதிரிதான் ஆயிற்று.

மத்தியானம் மருமகளின் போனை வாங்கி அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னேன். நம் வீடு, தண்ணித் தொட்டி, வேப்பமரம். சென்னை எங்கே என்று கேட்டேன். இரண்டு விரலால் கிள்ளினால் எல்லாம் கிட்ட வரும் என்று காட்டிக் கொடுத்தாள். கிள்ளினேன். வீடு புள்ளியாயிற்று. இன்னும் கிள்ளினேன். மலை, ஈரோடு, சேலம் எல்லாம் வந்தன. கையை எடுக்காமல் கிள்ளிக்கொண்டே போனேன், ஓரத்தில் கடல் வந்தது, கடலை ஒட்டிச் சென்னை. நமக்கும் அதற்கும் நடுவில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்தான்.

ருக்குமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க பாரு. பக்கந்தான்" என்றேன்.